இரு களம் கண்ட கோபாலன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனி மாவட்டத்தில் அமைந்திருப்பது போடிநாயக்கனூர். மேற்கே நிமிர்ந்து நோக்கினால் மேகம் தவழும் ஏலமலைச் சரிவுகள் தோன்றும். பொழுது புலருமுன் தோட்டத் தொழிலாளர் ஜீப்புகளில் மலையேறுவர். பொழுது சாயும் வேளையில் களைத்துத் திரும்புவர். அவர்கள் இறங்கி வரும் அந்நேரத்தில்தான் ஊர்த் திடல்களில் சிறுவர்களின் ஆரவாரம் மிகும். ஒருவன் பந்தை வீசுவான். ஒருவன் மட்டையால் அதனை அடிப்பான். காண்போர் கண்கள் அவ்விருவர் மீதே பதிந்திருக்கும். ஆனால் அவர்களுக்கு நெடுந்தொலைவில், திடலின் எல்லையை ஒட்டி, மற்றொருவன் நிற்பான். பந்து தன்பால் வருமோ வாராதோ என்பதை அவன் அறியான். ஒரு மாலை முழுதும் வாராமலும் போகலாம். வரும் ஒரு கணத்தில் அவன் விழிப்புடன் இருத்தல் வேண்டும். காத்திருப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதியே.

இவ்வாறு காத்திருக்கும் கலையைத் தம் வாழ்நாளெல்லாம் பயின்ற தமிழர் ஒருவர் இருந்தார். கிரிக்கெட், ஹாக்கி எனப்படும் வளைகோற் பந்தாட்டம் ஆகிய இரண்டிலும் இந்திய நாட்டின் சார்பில் ஆடிய பெருமை அவருக்கு உண்டு. மொறப்பாக்கம் ஜோய்சம் கோபாலன் என்பது அவர் பெயர். எம். ஜே. கோபாலன் என்றே விளையாட்டுலகம் அவரை அறியும்.

கோபாலன் 1909ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மொறப்பாக்கத்தில் பிறந்தார். இளமையிலேயே சென்னைத் திருவல்லிக்கேணி அவருடைய வாழிடமாயிற்று. திருவல்லிக்கேணிக்கு மிக அருகில் உள்ளது சேப்பாக்கம். அங்குள்ள கிரிக்கெட் திடலோ அக்காலத்தில் பெரும்பாலும் ஆங்கிலேயருக்கு உரியதாக இருந்தது. தெருவில் ஆடிய சிறுவர்களுக்கு அத்திடல் கண்ணுக்கு எட்டியதேயன்றிக் கைக்கு எட்டியதன்று.

அந்நிலையில் கோபாலனின் திறமையைக் கண்டுகொண்டவர் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். சென்னைக் கிரிக்கெட்டின் வளர்ச்சிக்கு வித்திட்டவர்களுள் அவரும் ஒருவர். இளைஞர் கோபாலன் ஓடி வந்து பந்து வீசும் அழகும், அப்பந்தின் விரைவும் அவரைக் கவர்ந்தன. கோபாலனுக்குப் பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. திருவல்லிக்கேணிக் கிரிக்கெட் சங்கத்தில் இடமும் கிடைத்தது. வேலையும் விளையாட்டும் ஒருங்கே கைகூடின.

விளையாடுவதற்கு வேலை எதற்கு என்ற ஐயம் இன்றைய மாணவர்க்கு எழலாம். இந்நாளில் சிறந்த ஆட்டக்காரர் விளையாட்டினாலேயே பெருஞ்செல்வம் ஈட்டுகின்றனர். கோபாலன் காலத்தில் இந்தியாவில் அந்நிலை இல்லை. மாநில அணிக்கு ஆடுவோரும் நாட்டு அணிக்கு ஆடுவோரும் வயிற்றுப்பாட்டிற்கு வேறு தொழிலை நாடவேண்டியிருந்தது. மன்னர்களின் ஆதரவு சிலருக்குக் கிட்டியது. நிறுவனங்களின் வேலை சிலருக்குக் கிட்டியது. இவை இரண்டும் கிட்டாதோர் எத்துணைத் திறமை பெற்றிருந்தாலும் ஆட்டத்தைக் கைவிட நேர்ந்தது.

கடல் கடந்த நாட்டில் வேறொரு வழக்கம் இருந்தது. அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் பந்தாட்டம் தொழிலாகவே வளர்ந்தது. அங்கே எல்லைப் பகுதியில் நின்று பந்தைக் காத்துப் பிடிப்பவரும் ஊதியம் பெற்றனர். அத்தகையோருள் ஒருவர் ஜிம் தோர்ப் என்னும் அமெரிக்கப் பழங்குடி வீரர். அவர் 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் போட்டியில் இரு தங்கப் பதக்கங்கள் வென்றார். பின்னர், அப்போட்டிக்குச் சில ஆண்டுகள் முன்பு சிறு தொகை பெற்றுக்கொண்டு பேஸ்பால் ஆடியிருந்தார் என்பது வெளிப்பட்டது. பொருள் பெற்று ஆடியவருக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை என்பது அன்றைய விதி. எனவே அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. தோர்ப் 1953ஆம் ஆண்டு மறைந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின், 1982ஆம் ஆண்டிலேயே அவருக்குரிய பெருமை மீட்டளிக்கப்பட்டது. விளையாட்டு வீரனின் வாழ்க்கை உடல்வலிமையால் மட்டும் அமைவதன்று. அவன் வாழும் காலத்தின் விதிகளாலும் அமைகிறது என்பதற்கு இஃது ஒரு சான்று.

கோபாலன் வலக்கையால் மித வேகத்திற்குச் சற்று மிகையான வேகத்துடன் பந்து வீசுவார். கிரிக்கெட் பந்தின் நடுவே தையல் ஒன்று உயர்ந்து நிற்கும். அத்தையலைத் தரையில் படுமாறு செலுத்தி, விரலால் பந்தை ஒரு பக்கம் வெட்டிவிட்டால், தரையில் பட்டதும் பந்து திசை மாறும். அடிப்பவர் தாம் எதிர்பார்த்த இடத்தில் மட்டையை வைத்திருப்பார். பந்தோ வேறு வழியே சென்றிருக்கும். இந்நுட்பத்தில் கோபாலன் தேர்ச்சி பெற்றிருந்தார்.

அந்நாளில் ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் நடைபெறும். அதில் இந்தியர் ஓர் அணியாகவும் ஐரோப்பியர் ஓர் அணியாகவும் நின்று மோதுவர். ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே விதிக்கு உட்பட்டு நேருக்கு நேர் நின்ற அரிய களங்களுள் அதுவும் ஒன்று. அக்களத்தில், இளைஞராக இருந்தபோதே கோபாலன் இந்தியர் அணியில் இடம் பெற்றார். 1930ஆம் ஆண்டில் விஜயநகரம் இளவரசரின் அணி சென்னைக்கு வந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரராகிய ஜாக் ஹாப்ஸ் அவ்வணியில் ஆடினார். முதல்தர ஆட்டங்களில் 190க்கும் மேற்பட்ட சதங்கள் அடித்த பெருவீரர் அவர். அத்தகைய ஹாப்ஸின் விக்கெட்டைக் கோபாலனின் பந்து வீழ்த்தியது. திருவல்லிக்கேணித் தெருக்களில் ஆடிய இளைஞரின் பெயர் அன்று முதல் நாடெங்கும் பரவலாயிற்று.

1934ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கல்கத்தாவின் ஈடன் தோட்டத் திடலில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் ஆட்டம் நடைபெற்றது. இந்திய அணிக்குச் சி. கே. நாயுடு தலைவர், இங்கிலாந்து அணிக்கு ஜார்டின் தலைவர். அவ்வாட்டத்தில் கோபாலன் இந்தியாவிற்காக ஆடினார். ஒரு விக்கெட்டை எடுத்தார். இரு முறையும் சேர்த்து 18 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அடுத்த டெஸ்ட் ஆட்டம் பிப்ரவரியில் அவருடைய சொந்தத் திடலாகிய சேப்பாக்கத்திலேயே நடைபெற்றது. சென்னை மக்கள் கண்ட முதல் டெஸ்ட் ஆட்டம் அதுவே. ஆயினும் அதில் ஆடும் பதினொருவருள் கோபாலன் இல்லை. கல்கத்தாவில் ஆடியதே அவர் வாழ்நாளில் ஆடிய ஒரே டெஸ்ட் ஆட்டமாக அமைந்தது.

அதே ஆண்டின் இறுதியில் வேறொரு சிறப்பு அவரைத் தேடி வந்தது. இந்திய மாகாணங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் இடையே கிரிக்கெட் போட்டி ஒன்று நடத்தத் திட்டமிடப்பட்டது. 1933இல் மறைந்த இரஞ்சித்சிங்கியின் நினைவாக அது இரஞ்சிக் கோப்பை எனப் பெயர் பெற்றது. அதன் முதல் ஆட்டம் 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நிகழ்ந்தது. அவ்வாட்டத்தின் முதற்பந்தை வீசியவர் கோபாலன். இன்றளவும் ஆண்டுதோறும் நடைபெறும் அப்பெரும்போட்டியில் எத்தனையோ இலட்சம் பந்துகள் வீசப்பட்டுவிட்டன. அவை அனைத்திற்கும் முற்பட்ட பந்து ஒரு தமிழரின் கையிலிருந்து புறப்பட்டது.

அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது என்பது வியப்பிற்குரிய செய்தி. மைசூர் முதலில் 48 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது. சென்னை 130 ஓட்டங்கள் எடுத்தது. மைசூர் மீண்டும் ஆடி 59 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது. சென்னை ஓர் இன்னிங்ஸும் 23 ஓட்டங்களும் மிகையாகப் பெற்று வென்றது. சென்னையின் சுழற்பந்து வீரர் ஏ. ஜி. இராம்சிங் இரு முறையும் சேர்த்து 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

கிரிக்கெட்டில் இவ்வாறு புகழ் பெற்ற கோபாலன், ஹாக்கியிலும் நிகரான திறமை உடையவராக இருந்தார். ஹாக்கி அணியில் அவர் நின்ற இடம் நடு அரணாகும். முன்னணியினர் எதிரியின் இலக்கை நோக்கிப் பாய்வர்; பின்னணியினர் தம் இலக்கைக் காப்பர். இவ்விரு சாராருக்கும் இடையே நின்று, எதிரியின் பந்தைத் தடுப்பதும் தம்மவர்க்குப் பந்தை எடுத்து அளிப்பதும் நடு அரணின் கடமை. இலக்கில் பந்தைச் செலுத்தியவரின் பெயரை உலகம் போற்றும்; அப்பந்தை எடுத்தளித்தவரின் பெயரை அணியினர் மட்டுமே அறிவர்.

1935ஆம் ஆண்டு இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்திற்கும் ஆஸ்திரேலியாவிற்கும் பயணம் மேற்கொண்டது. உலகம் போற்றும் தியான்சந்த் அதன் தலைவர். அப்பயணத்தில் இந்திய அணி மொத்தம் 48 ஆட்டங்கள் ஆடிற்று. கோபாலனும் அவ்வணியில் இடம்பெற்றார். இதனால் அவர் இரு விளையாட்டுகளில் நாட்டின் சார்பில் ஆடியவரானார். அடுத்த ஆண்டு பெர்லின் நகரில் ஒலிம்பிக் போட்டி வரவிருந்தது. அதற்குரிய ஹாக்கி அணியில் கோபாலன் இடம் பெறுவார் என்ற எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது.

ஆனால் அதே 1936ஆம் ஆண்டில் இந்தியக் கிரிக்கெட் அணியும் இங்கிலாந்துக்குச் செல்வதாயிருந்தது. அவ்வணியிலும் கோபாலன் தேர்ந்தெடுக்கப்பட்டார். கிரிக்கெட் அணி கோடை முழுதும் இங்கிலாந்தில் தங்கவேண்டும். ஒலிம்பிக் ஹாக்கிக்கோ தேர்வு ஆட்டங்களில் கலந்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒருவரால் இயலாதவை. போடியிலிருந்து மலைக்குச் செல்பவர் முந்தல் என்னுமிடத்தை அடைந்ததும் பாதை பிரிவதைக் காண்பர். ஒரு பாதை போடிமெட்டுக்கு ஏறும். மற்றொன்று குரங்கணிக்குச் செல்லும். ஒன்றில் சென்றவர் அதே வேளையில் மற்றதிலும் செல்ல இயலாது. கோபாலனும் அத்தகைய ஒரு பிரிவில் நின்றார். ஹாக்கித் தேர்வு ஆட்டங்களுக்குச் செல்லாமல், கிரிக்கெட் அணியுடன் அவர் கப்பல் ஏறினார்.

இங்கிலாந்துப் பயணம் நல்வினையாக அமையவில்லை. விஜயநகரம் இளவரசர் அணித் தலைவர். அணிக்குள் பூசல் மிகுந்தது. சிறந்த ஆட்டக்காரராகிய லாலா அமர்நாத் பயணத்தின் இடையிலேயே தாய்நாட்டிற்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்ட் ஆட்டங்கள் நடைபெற்றன. இலார்ட்ஸ் திடலில் இந்தியா தோற்றது. மான்செஸ்டரில் விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் சேர்த்து ஆட்டத்தைச் சமன் செய்ய வழிகோலினர். மூன்றாம் ஆட்டத்தில் இந்தியா மீண்டும் தோற்றது. இம்மூன்று ஆட்டங்களுள் ஒன்றில்கூடக் கோபாலன் ஆடும் வாய்ப்பைப் பெறவில்லை.

மூன்றாம் டெஸ்ட் ஆட்டம் இலண்டனின் ஓவல் திடலில் 1936ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் தொடங்கியது. அதே நாளில் பெர்லின் நகரில் ஒலிம்பிக் ஹாக்கியின் இறுதி ஆட்டம் நிகழ்ந்தது. மழையினால் ஒரு நாள் தள்ளி வைக்கப்பட்ட அவ்வாட்டத்தில், தியான்சந்த் தலைமையில் இந்தியா ஜெர்மனியை 8க்கு 1 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றது. ஓராண்டிற்கு முன் கோபாலனுடன் ஒரே அணியில் ஆடிய தோழர் சிலர் வெற்றி மேடையில் நின்றனர். கோபாலனோ ஆடும் பதினொருவருள் இடமின்றி இலண்டனில் இருந்தார். ஒரே நாளில், ஒரே கண்டத்தின் இரு நகரங்களில், ஒருவருடைய இரு வாழ்க்கைகள் நடந்து முடிந்தன எனலாம். அவற்றுள் ஒன்றே அவர் தேர்ந்துகொண்டது.

அவர் தவறாகத் தேர்ந்தார் என்று கூறுவது எளிது. முடிவு தெரிந்த பின் வழி சொல்வோர் பலர். ஆனால் தேர்ந்தெடுக்கும் வேளையில் முடிவை அறிந்தவர் எவரும் இல்லை. கிரிக்கெட் அணியில் அவருக்கு இடம் உறுதியாயிருந்தது. ஹாக்கி அணியிலோ இனித்தான் தேர்வு நிகழவேண்டியிருந்தது. நாட்டின் சார்பில் ஆட அழைப்பு வந்தது. அவர் அதனை ஏற்றார். தேர்வில் பிழை இருந்ததா என்பதைவிட, எதிர்பார்த்தது கிட்டாதபோது அவர் என்ன செய்தார் என்பதே பயில்வோர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அவர் ஆட்டத்தை விட்டு விலகவில்லை. தாய்நாடு திரும்பியபின் சென்னை மாகாண அணிக்காகப் பல்லாண்டுகள் பந்து வீசினார். அவ்வணியின் தலைவராகவும் விளங்கினார். கால் நூற்றாண்டு காலம் அவருடைய முதல்தர ஆட்ட வாழ்வு நீடித்தது. வேகமாகப் பந்து வீசுவோர் உடல் விரைவில் தளர்வது இயல்பு. அவ்வியல்பை வென்று இத்துணைக் காலம் நிலைத்ததற்கு ஒழுங்கான உடற்பயிற்சியும் அடங்கிய வாழ்க்கையுமே காரணமாதல் வேண்டும்.

ஏலமலைச் சரிவில் வாழ்வோர் இதனை எளிதில் உணர்வர். ஏலச்செடி பெருமரங்களின் நிழலில் வளர்வது. அதன் காய்கள் தலைக்கு மேல் தொங்கிக் கண்ணைக் கவர்வனவல்ல. செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்ப்பன. நட்டவர் பயன் பெறச் சில ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். பறிப்போர் குனிந்து, முற்றிய காயை மட்டும் தேர்ந்து எடுப்பர். முற்றாததை அடுத்த முறைக்கு விட்டுவைப்பர். பறித்த பச்சைக்காயைப் புகையறையில் உலர்த்தினால் அதன் எடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். எடை குறைந்தாலும் மணம் குறைவதில்லை. போடியின் ஏல விற்பனையில் விலை பெறுவது உலர்ந்த அந்தக் காயே. கோபாலனின் ஆட்ட வாழ்வும் அத்தகையது. கால் நூற்றாண்டின் உழைப்பு, பட்டியலில் எழுதினால் ஒரு டெஸ்ட் ஆட்டம், ஒரு விக்கெட், 18 ஓட்டங்கள் என்று சுருங்கிவிடும். அளவு சிறிது, மணமோ நீண்டு நின்றது.

அந்த மணத்திற்குச் சான்றாக விளங்குவது கோபாலன் கோப்பை. முதல்தர ஆட்டங்களில் அவர் 25 ஆண்டுகள் நிறைவு செய்ததைச் சிறப்பிக்கும் வகையில், 1952-53ஆம் பருவத்தில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே அவர் பெயரால் ஒரு போட்டி தொடங்கப்பட்டது. அந்நாளில் இலங்கை டெஸ்ட் ஆடும் தகுதி பெற்ற நாடன்று. வலிமை வாய்ந்த அணிகளுடன் மோதித் தேர்ச்சி பெறும் வாய்ப்பு அதற்கு அரிதாகவே கிட்டியது. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் உள்ள இளைஞர்கள் ஒருவரோடொருவர் மோதித் தேர இப்போட்டி துணை செய்தது. இலங்கை 1981ஆம் ஆண்டு டெஸ்ட் தகுதி பெற்றது. மறு ஆண்டு இந்தியாவுடன் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை அது ஆடிய இடம் சென்னைச் சேப்பாக்கமே. ஒரு வீரருக்கு வைக்கும் சிலை நின்ற இடத்திலேயே நிற்கும்; கோபாலன் பெயர் பெற்ற கோப்பையோ இரு நாட்டு இளைஞர்களையும் களத்தில் இறக்கியது.

கோபாலன் நீண்ட நாள் வாழ்ந்தார். 2003ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், தமது 94ஆம் வயதில் சென்னையில் காலமானார். அப்போது உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களுள் உலகிலேயே மூத்தவராக அவர் கருதப்பட்டார். தெருக்களில் ஆடிய காலமும், ஆட்டமே பெருந்தொழிலாக வளர்ந்த காலமும் ஆகிய இரண்டையும் அவர் கண்ணாரக் கண்டார்.

போடித் திடலில் மாலை மங்குகிறது. மலைச்சரிவில் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. எல்லையில் நிற்கும் சிறுவனை நோக்கி இதுவரை ஒரு பந்தும் வரவில்லை. எனினும் அவன் உட்கார்ந்துவிடவில்லை. முழங்காலில் கை ஊன்றி, கண்ணை மட்டையின் மீது வைத்து நிற்கிறான். பந்து வருவதும் வாராததும் அவன் கையில் இல்லை. வரும்போது அவன் எவ்வாறு நிற்கிறான் என்பதே அவன் கையில் உள்ளது.